வெளிநாட்டு நிறுவனம் என்றால் நம் நாட்டுத் தொழிலாளர் சட்டம் பொருந்தாதா?

உச்சிப்புளிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கடற்கரையிலுள்ள ஒரு நண்டுக் கம்பெனியில் என் தங்கை பதினான்கு மாதங்களாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். கம்பெனியின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. அவித்து உரித்த நண்டுச் சதையை டப்பாவில் அடைத்து, சூடுகாட்டி, குளிர வைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். பங்குகள் முழுவதும் அங்குள்ள தாய் நிறுவனத்திடம் இருப்பதாகச் சொல்கிறார்கள். டப்பாக்கள் வைத்திருக்கும் அறையின் குளிர் 3.3 டிகிரி செல்சியசுக்கு மேலே ஏறக் கூடாது என்பதுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட முதல் பாடம். பங்குனி மாதத்தில் இரண்டு இரவுகள் மின்சாரம் நின்று அறையின் வெப்பநிலை ஏறியதை அவள் பதிவேட்டில் குறித்து வைத்தாள். மறுநாள் பார்த்தபோது அந்தப் பக்கம் வேறொருவர் கையெழுத்தில் புதிதாக எழுதப்பட்டிருந்தது. மேலாளரிடம் கேட்டதற்குப் பதில் இல்லை. ஊழியர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், முறைகேடு எதைக் கண்டாலும் அஞ்சாமல் தெரிவிக்கலாம் என்று தலைமையகத்தின் மின்னஞ்சல் முகவரி ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அதை நம்பி எழுதினாள். எழுதிய பதினோராம் நாள், மீன்பிடித் தடைக்காலத்தில் சரக்கு வரத்துக் குறைந்துவிட்டது, நாளை முதல் வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நானும் அவளும் சென்று கேட்டோம். அங்கிருந்த மனிதவள அதிகாரி, "இது வெளிநாட்டு நிறுவனம், எந்தத் தகராறானாலும் அமெரிக்கச் சட்டப்படி அங்குள்ள நீதிமன்றத்தில்தான் என்று நியமனக் கடிதத்தில் நீங்களே ஒப்பமிட்டிருக்கிறீர்கள், இந்தியத் தொழிலாளர் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று சொன்னார். கடிதத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்பதாவது பத்தியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவர் சொன்னது சரியா? முறைகேட்டை வெளிப்படுத்தியவரைக் காப்பாற்ற இந்நாட்டில் சட்டம் ஏதும் உண்டா, உண்டென்றால் அது வெளிநாட்டு முதலாளியையும் கட்டுப்படுத்துமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பரமக்குடி முதியவர்

தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த அதிகாரி சொன்னது தவறு. முதலாளியின் ஊர் எது, பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைத் தொழிலாளர் சட்டம் பார்ப்பதில்லை. வேலை எந்த மண்ணில் நடக்கிறது என்பதையே பார்க்கிறது. சட்டத்தில் முதலாளி என்பதற்கும் தொழில் என்பதற்கும் தரப்பட்டுள்ள விளக்கங்களில் நாட்டைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

மேலும் அது உண்மையிலேயே வெளிநாட்டு நிறுவனம்தானா என்பதையும் பாருங்கள். நியமனக் கடிதத்தின் தலைப்பில் 'பிரைவேட் லிமிடெட்' என்ற பெயரும், 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் நீண்ட அடையாள எண்ணும் இருந்தால், பங்குகள் அத்தனையும் கடல் கடந்து இருந்தாலும் அது இங்கே பதிவான இந்தியக் கம்பெனிதான். வெளிநாட்டு நிறுவனத்தின் நேரடிக் கிளையாக இருந்தால் எண் 'எஃப்' என்று தொடங்கும். எது இருந்தாலும் தொழிலாளர் சட்டத்திலிருந்து தப்ப வழியில்லை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. உங்களுக்குத் தேவையானது 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. ஓராண்டில் 240 நாட்கள் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு என்று சொல்லி நிறுத்த வேண்டுமானால், காரணத்தை எழுதி ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அந்த மாதத்துக்கான ஊதியம் தர வேண்டும். அத்துடன் நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். பழைய 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே கணக்குதான். பழிவாங்கும் நோக்கத்தோடு வேலையிலிருந்து நீக்குவது அந்தத் தொகுப்பின் இரண்டாம் அட்டவணையில் நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்று பட்டியலிடப்பட்டுள்ளது. நிறுத்திய நாளிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி ஊதியத்தைத் தீர்க்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது; அதையும் தந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தடைக்காலக் காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகில் வலை போட்டு நண்டு எடுக்கிறவர்கள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகிறார்கள் என்பது நம் கரையில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த இரண்டு மாதங்களில் கம்பெனி எவ்வளவு நண்டு வாங்கியது என்பதைக் கொள்முதல் கணக்கே சொல்லிவிடும். தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்து, அங்குள்ள சமரச அதிகாரியின் முன் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்.

2014ஆம் ஆண்டின் முறைகேடு வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டத்தையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

மதுரை வழக்கறிஞர்

பெரியவர் சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்றவை அனைத்தையும் ஏற்கிறேன். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மகிழ்ச்சியோடு எழுந்து நிற்பார். அந்தச் சட்டத்துக்கு 2014 மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. கொண்டுவந்தாலும் அது பொது ஊழியர்களின் ஊழலைப் பற்றிய புகார்களுக்கானது. தனியார் கம்பெனியின் குளிர் அறைப் பதிவேடு அதன் எல்லைக்குள் வராது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் புகார் தருவதற்காக 2004இல் பிறப்பிக்கப்பட்ட அரசுத் தீர்மானமும் இத்தகையதே.

அப்படியென்றால் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு என்ன இருக்கிறது? 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவு சில கம்பெனிகளில் முறைகேட்டைத் தெரிவிப்பதற்கான கண்காணிப்பு ஏற்பாடு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது; அதைப் பயன்படுத்துகிறவரைப் பழிவாங்காதிருக்கப் பாதுகாப்பும் தர வேண்டும் என்கிறது. அது பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் கம்பெனிகளுக்கும், வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனிகளுக்கும் மட்டுமே. மூன்றாவது வகையை எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். கடல் உணவு ஏற்றுமதியாளர்கள் சரக்குக்கு முன்கடன் வாங்கியே தொழில் நடத்துகிறார்கள். அந்தக் கம்பெனி வங்கிக்கு எழுதிக் கொடுத்த பிணையங்களின் விவரத்தைக் கம்பெனிப் பதிவாளரின் இணையதளத்தில் பார்க்கலாம்.

வெளிநாட்டு நிறுவனம் என்பது உண்மையில் பொருட்படும் இடம் இது ஒன்றுதான். 177ஆம் பிரிவு இந்தியாவில் பதிவான கம்பெனிகளைப் பற்றிப் பேசுகிறது. வெளிநாட்டு நிறுவனத்தின் நேரடிக் கிளைக்குப் பொதுவாக அச்சட்டத்தின் 22ஆம் அத்தியாயமே பொருந்தும். அதில் முகவரியையும் கணக்கையும் தாக்கல் செய்வது போன்ற கடமைகள் இருக்கின்றன, இந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கித் துறையில் மட்டும் இந்த இடைவெளியை 2007இல் ரிசர்வ் வங்கி அடைத்தது: தனியார் வங்கிகளையும் வெளிநாட்டு வங்கிகளையும் பெயர் சொல்லியே சேர்த்து ஒரு வெளிப்படுத்தல் திட்டத்தை அறிவித்தது. நண்டுக்கு அப்படி யாரும் இல்லை.

இனி ஒன்பதாவது பத்தி. இரண்டு வணிகர்கள் தங்களுக்குள் அயல்நாட்டு நீதிமன்றத்தைத் தேர்ந்துகொண்டால் நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதை மதிக்கின்றன. எனவே அந்தப் பத்தி எல்லா இடத்திலும் செல்லாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழிலாளர் சட்டம் தரும் உரிமை ஒப்பந்தத்தால் பிறந்தது அன்று. ஒப்பந்தத்தால் அதை விட்டுக்கொடுக்கவும் முடியாது. சட்டப்படியான வழியை முற்றிலும் அடைக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவில் சொல்கிறது. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் விமானிகளின் வழக்கில், ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தாலும் தொழிலாளர் சட்டம் தரும் உரிமைகளை அங்கே அனுப்ப முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. இந்தியாவிலேயே உட்காரும் நடுவருக்கே அந்த நிலை என்றால், அமெரிக்க நீதிமன்றத்தைச் சுட்டும் ஒரு பத்தியைக் காட்டி உச்சிப்புளியில் வேலை பார்த்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப முடியுமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் அமெரிக்கத் துணை நிறுவனம் இதே வாதத்தை அமெரிக்காவிலேயே வைத்துப் பார்த்தது. சுமிட்டோமோ வழக்கில், நியூயார்க்கில் பதிவான கம்பெனி அமெரிக்கக் கம்பெனிதான், பங்குகள் ஜப்பானில் இருப்பதால் வேலைவாய்ப்புச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் சொல்லிவிட்டது. அந்த அதிகாரி தம் தலைமையகத்திடமே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கீழக்கரை இளையவன்

நானும் எங்கள் காக்காவும் (அண்ணனும்) வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவர்கள். அங்கே எங்கள் முதலாளி மும்பைக்காரர், கணக்கர் மலையாளி, வேலைக்காரர்களில் பாதிப் பேர் நம் மாவட்டத்தார். ஆனால் சம்பளம் நின்றபோது அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தின் வாசலில்தான் நின்றோம். இந்திய முதலாளி, இந்தியத் தொழிலாளி, ஆகவே இந்தியச் சட்டம் என்று அங்கே யாரும் வாதிட்டதில்லை. அங்கே பொருந்திய நியாயம் இங்கே மட்டும் ஏன் மாற வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

சகோதரரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி யாருடைய பெயரில் பிடிக்கப்பட்டது? இப்படிப்பட்ட இடங்களில் கையெழுத்து ஒருவருடையதாகவும் கணக்கு வேறொருவருடையதாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உச்சிப்புளிக்காரன்

இளையவர் கேட்டது நல்லதாயிற்று. வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தோம். அதில் ராமநாதபுரத்திலுள்ள ஓர் ஆள் சப்ளை ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கிறது. நியமனக் கடிதமோ கம்பெனியின் தாளில் இருக்கிறது. எண் 'யூ' என்றே தொடங்குகிறது. பதவியின் பெயர் 'சூப்பர்வைசர்', மாத ஊதியம் 16,500 ரூபாய். அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் என்று யாரும் இல்லை. வெப்பநிலை பார்ப்பது, மாதிரி எடுப்பது, எழுதுவது ஆகியவைதான் அவள் வேலை. மின்னஞ்சலைத் தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பியதால் படி இருக்கிறது. திருத்தப்பட்ட பதிவேட்டுப் பக்கத்தை உள்ளே இருக்கும் தோழி ஒருத்தி படம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறாள், வாங்கலாமா?

மதுரை வழக்கறிஞர்

வாங்க வேண்டாம். அந்தத் தோழியின் வேலையும் போகும். ரகசியத்தைத் திருடினார்கள் என்று பேச்சைத் திருப்பவும் கம்பெனிக்கு வழி கிடைக்கும். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லித் தீர்ப்பாயத்திடம் மனுச் செய்யலாம். கொண்டுவராவிட்டால் அதுவே அவர்களுக்கு எதிராகப் பேசும். உங்களிடம் இருக்க வேண்டியவை நியமனக் கடிதம், வங்கிக் கணக்கில் ஊதியம் வந்த வரிகள், மின்னஞ்சலின் படி, கையேட்டின் கடைசிப் பக்கம் ஆகியவையே. அந்த இரண்டு இரவுகளிலும் என்ன பார்த்தாள், எத்தனை மணிக்குப் பார்த்தாள் என்பதைத் தங்கையை இன்றே தன் கைப்பட எழுதித் தேதியிட்டு வைக்கச் சொல்லுங்கள். புகாருக்கும் நீக்கத்துக்கும் இடையே பதினொரு நாட்கள்தான் என்பதே உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

'சூப்பர்வைசர்' என்ற பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெயர்ப் பலகையை அல்ல, கை செய்த வேலையைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. உண்மையிலேயே மேற்பார்வை வேலையாக இருந்தாலும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்தான் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து விலகுவார். உங்கள் தங்கை அதற்குக் கீழே நிற்கிறாள்.

ஒப்பந்தக்காரரின் பெயர் இருப்பது சிக்கல்தான், ஆனால் இரண்டு பக்கமும் வெட்டும் சிக்கல். கம்பெனி தன் தாளில் நியமனக் கடிதம் தந்துவிட்டு, ஊழியர் என்னுடையவர் அல்லர் என்று சொல்வது கடினம். ஒப்பந்தத் தொழிலாளர் ஐம்பது பேரும் அதற்கு மேலும் இருக்கும் நிறுவனங்களில், தொழிலின் மையமான வேலையில் அவர்களை அமர்த்துவதை 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சில விதிவிலக்குகளோடு தடை செய்கிறது. நண்டுச் சதை விற்கும் கம்பெனியில் அந்தச் சதையின் தரத்தைப் பார்ப்பது மையமான வேலை இல்லையென்றால் வேறு எது? மனுவில் கம்பெனியையும் ஒப்பந்தக்காரரையும் சேர்த்தே எதிர்மனுதாரர்களாகக் காட்டுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் விட்டவரைக் கை காட்டுவார்.

தூத்துக்குடி தர ஆலோசகர்

கடல் உணவு ஏற்றுமதிக் கூடங்களின் தரப் பதிவுகளைச் சரிபார்ப்பது என் தொழில். அமெரிக்கப் பக்கம் என்ன நடக்கும் என்பதை இதுவரை யாரும் தொடாததால் எழுதுகிறேன்.

தங்கை குறித்த அந்த எண் அற்பமானதன்று. டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்த நண்டுச் சதை 3.3 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால், பொட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கிறது. மணத்திலோ நிறத்திலோ தெரியாமலே அது நடக்கக்கூடும். ஆகவேதான் அந்தப் பதிவேட்டைக் கடல் உணவுக்கான அமெரிக்க விதி 1997 முதல் கட்டாயமாக்கியுள்ளது. இறக்குமதி செய்பவரும் அதைச் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு எந்த நாட்டிலிருந்தும் யாரும் புகார் எழுதலாம். அவர்கள் நம்பினால் அந்தக் கம்பெனியின் சரக்கைப் பரிசோதிக்காமலேயே துறைமுகத்தில் நிறுத்தி வைக்க முடியும்.

ஆனால் புகாரை வாங்குவது வேறு, புகார் கொடுத்தவரைக் காப்பது வேறு. உணவுத் தொழிலில் முறைகேட்டைச் சொல்லும் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று 2011இல் அமெரிக்கா சட்டம் செய்தது. 180 நாட்களுக்குள் முறையிட வேண்டும். அமெரிக்க மண்ணுக்கு வெளியே வேலை பார்ப்பவர் அதை நம்பி இருந்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்க மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றின் தென்னமெரிக்கத் துணை நிறுவனங்களில் வேலை பார்த்த அர்ஜென்டினாக்காரர் ஒருவர், 2002ஆம் ஆண்டின் நிறுவன முறைகேட்டுச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டபோது, அச்சட்டம் கடல் தாண்டி வராது என்று பாஸ்டனிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் கைவிரித்தது. சீமென்ஸ் நிறுவனத்தின் சீனத் துணை நிறுவனத்தில் இருந்த தைவான்காரரிடம் நியூயார்க்கிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் வேறொரு சட்டத்தைப் பற்றி இதையே சொன்னது. நேர்மாறான எடுத்துக்காட்டு ரான்பாக்சி: இந்திய நிறுவனத்தில் வேலை பார்த்த தினேஷ் தாக்கூர் அதன் மருந்துத் தரவுகளிலிருந்த பொய்களை அமெரிக்க அதிகாரிகளிடம் தெரிவித்தார், 2013இல் நிறுவனம் 50 கோடி டாலர் கட்டியது, அவருக்கு 4.8 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அங்கே அமெரிக்க அரசின் பணம் அந்த மருந்துகளுக்குச் செலவாகியிருந்ததால் அதற்கென ஒரு சட்டம் இருந்தது. நண்டு டப்பாவைக் கடையில் வாங்குகிறவர் தம் பணத்தில் வாங்குகிறார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சரக்கு நிறுத்தி வைக்கப்பட்டால் முதலில் வேலை இழப்பவர் மேலாளர் அல்லர். விடியற்காலையில் வேன் ஏறி வந்து சதை உரிக்கும் பெண்கள். அதற்காக வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த டப்பாவைத் திறப்பவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தியாவிலேயே ஏற்றுமதி ஆய்வு முகமை இருக்கிறது; அந்தக் கூடத்துக்கு ஏற்றுமதி ஒப்புதல் தந்தது அதுதான். குறிப்பிட்ட அந்த இரண்டு இரவுகளின் சரக்கை மட்டும் குறித்து முதலில் அங்கே எழுதுவதே முறை என்று நினைக்கிறேன்.

பரமக்குடி முதியவர்

வழக்கறிஞர் திருத்தியது சரி. அந்தச் சட்டத்தை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். நடைமுறைக்கு வந்துவிட்டதென்றே இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

ராமநாதபுரத்திலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு மனுவின் நான்கு படிகளோடு தங்கையையே நேரில் போகச் சொல்லுங்கள். மனு அவள் பெயரில், அவள் கையெழுத்தில் இருக்க வேண்டும். நாட்களைக் கடத்த வேண்டாம். முன்பு மூன்று ஆண்டுகள் அவகாசம் இருந்தது, இப்போது இரண்டுதான். ஒரு படியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். சமரசப் பேச்சுக்கு அழைக்கும்போது கம்பெனிக்காரர் ஒன்பதாவது பத்தியை நீட்டினால், அதையும் அதிகாரி பதிவு செய்துகொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, தடைக்காலத்தில் வாங்கிய நண்டின் கணக்கைக் கேளுங்கள்.

உச்சிப்புளிக்காரன்

அனைவருக்கும் நன்றி. தங்கை இதையெல்லாம் படித்தாள். தொழிலாளர் துறைக்கு ஒன்றும் ஏற்றுமதி ஆய்வு முகமைக்கு ஒன்றுமாக இரண்டு கடிதங்களை இன்றிரவு அவளே எழுதுகிறாள். தோழியிடம் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இழப்பீடு வாங்கிக்கொண்டு வேறு வேலை தேடலாம் என்று அம்மா சொல்கிறார். அந்த இரண்டு இரவுகளின் சரக்கு எங்கே போனது என்று தெரிய வேண்டும் என்கிறாள் இவள்.